விழுமியங்களை வகுக்கும் குழுவில் எழுத்தருக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ஊழியர்களின் பணி ஊக்கம் குறித்துச் சில கருத்துகளைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

நேர்மை, மாணவர் நலன் முதலிய விழுமியங்களைப் பல்கலைக்கழகங்கள் பெரிய எழுத்தில் பொறித்து வைக்கின்றன. அவற்றை வகுக்கும் குழுவில் பேராசிரியர்களும் உயர் அலுவலர்களும் இருப்பார்கள். விடைத்தாள் கட்டுகளைப் பிரித்து அடுக்குபவருக்கும் ஆய்வகக் கருவிகளைப் பேணுபவருக்கும் அங்கே இடம் இருக்காது. பின்னர் அதே குழு, ஊழியர்களிடம் ஈடுபாடு இல்லை என்று வருந்தும்.

என் பிரிவில் இருந்த எழுத்தர் ஒருவர், மதிப்பெண் பட்டியலைச் சரிபார்க்கும்போது, ஒரு மாணவிக்கு ஒரு தாளில் 'வரவில்லை' என்று பதிவாகியிருப்பதையும், தேர்வறை வருகைத் தாளில் அவருடைய கையொப்பம் இருப்பதையும் கண்டார். மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு கட்டுக் கட்டாகத் தேடி, வேறொரு பாடத்தின் கட்டுக்குள் செருகப்பட்டிருந்த அந்த விடைத்தாளை எடுத்தார். முன் அனுமதியின்றி அலுவலகத்தில் தங்கியதற்கு விளக்கம் கேட்டு மறுநாள் அவருக்கு மெமோ வந்தது. அதை அவரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்கியவன் நான். மறுத்து ஒரு குறிப்பு எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. அதன்பின் அவர் தம் மேசைக்கு வரும் கோப்பைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை. மாணவர் நலன் என்ற விழுமியத்தைச் செயலில் காட்டியவரை அந்த விழுமியத்தின் பெயரால் ஒருவரும் பாராட்டவில்லை.

பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் தம் சகாக்களுடன் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் நேர்கண்டு 1959இல் வெளியிட்ட ஆய்வு, ஊதியமும் மேற்பார்வையும் பணிச்சூழலும் குறைபட்டால் அதிருப்தி பிறக்கும் என்றும், உண்மையான ஊக்கமோ சாதித்த நிறைவு, அங்கீகாரம், பொறுப்பு ஆகியவற்றிலிருந்தே வருகிறது என்றும் கூறியது. ஒப்பந்த ஊழியருக்கு நியாயமான ஊதியம் தர மறுப்பதற்கு இதை யாரும் சாக்காக்கிவிடக் கூடாது. வயிறு வாடும்போது விழுமியம் பேசுவது கொடுமை.

உயர்கல்வி ஆசிரியர்களின் நிலை குறித்து யுனெஸ்கோ 1997இல் ஏற்ற பரிந்துரை, நிர்வாகக் குழுக்களில் பங்கேற்கவும் தம் நிறுவனத்தின் செயல்பாட்டையே விமர்சிக்கவும் ஆசிரியர்களுக்கு உரிமை வேண்டும் என்கிறது. அலுவலகப் பணியாளருக்கும் அந்த உரிமை நீள வேண்டும் என்பதே என் கோரிக்கை. தேர்வு மென்பொருளை மாற்றுகிறார்கள் என்றால், ஒப்பந்தம் முடிந்த பிறகு பயிற்சிக்கு மட்டும் அழைக்காமல், அதில் நாள்தோறும் பதிவேற்றப் போகிறவரை முதல் கூட்டத்திலேயே உட்கார வைத்துக் கேட்கலாம். கட்டு எங்கே மாறும், பதிவெண் எங்கே பிசகும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர்