நந்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கும்போதெல்லாம் பண்ணவாடி நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரங்களும் வெளியே தெரிவதைப் படத்தோடு போடுகிறீர்கள். அந்த நந்தி எனக்கு வேறு வகையில் உதவியது.

என் அம்மாயி (அம்மாவின் அம்மா), அணைத் தண்ணீரில் முழுகப்போன அந்த நந்தி ஊரை விட்டு, ஒன்பது வயதில் சட்டிபானையோடு வண்டியேறி வந்தவர். "கோயிலுக்கு வடக்கே போனா இட்டேரி ஒண்ணு வரும். அது ரெண்டாப் பிரியற எடத்துக்குக் கெழக்கால நம்ம களம்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இட்டேரி என்றால் இரண்டு பக்கமும் வேலி போட்ட வண்டித்தடம். ஊரார் நிலத்தையெல்லாம் சங்கிலி போட்டு அளந்த நான் அதைக் காதில் வாங்கவே இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு, அணைக்கு முந்தைய டோபோ ஷீட் (மலை, ஆறு, ஊர், பாதை எல்லாம் குறித்த சர்வே வரைபடத் தாள்) ஒன்றின் ஸ்கேன் கிடைத்தது. ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிப் போட்டது. மேட்டூர் அணை விழும் தாளின் எண் 58 இ/13. தேடுகிறவர்கள் தாள் எண்ணை வைத்துத் தேடுங்கள். வெள்ளைக்காரர் எழுத்துக்கூட்டலில் நம் ஊர் நமக்கே அடையாளம் தெரியாது.

அப்புறம் கம்ப்யூட்டரில் கூகுள் எர்த். அதில் பழைய தேதிப் படங்களுக்குப் பின்னோக்கிப் போகலாம். எனக்கு வேண்டியது வறட்சி. 2017 கோடையில் 120 அடி அணையில் நீர்மட்டம் 30 அடிக்கும் கீழே போயிருந்தது. அந்தப் படத்தின் மேல் பழைய தாளைக் கண்ணாடி போலப் பரப்பினேன். முதல் தடவை ஒரு சாலைச் சந்திப்பை வைத்துப் பொருத்தி ஏமாந்தேன். அது அணைக்குப் பிறகு போட்ட சாலை. சர்வேயரே இப்படிச் செய்தால் என்ன சொல்ல! பிறகு பாலமலை உச்சியையும் நந்தி இருக்கும் கோயிலையும் பிடித்தேன். இரண்டும் இடம் மாறாதவை.

காய்ந்த சேற்றில் மங்கலாக ஒரு கோடு, வடக்கே போய் இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே வெளுத்த ஒரு திட்டு. களம்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன். அந்த அளவில் பேனாக் கோட்டின் தடிமனே தரையில் நாற்பது அடி வரும்.

உறுதி செய்ய சர்வே எண் போட்ட கிராம வரைபடமும் புலப்படமும் (ஒவ்வொரு சர்வே எண் நிலத்துக்குமான அளவு வரைபடம்) வேண்டும். இன்றைய புலப்படத்தையும், நிலத்தின் பரப்பும் உரிமையாளர் பெயரும் எழுதிய 'அ' பதிவேட்டையும் வீட்டிலிருந்தே இணையத்தில் எடுக்க முடிகிறது. முழுகிய ஊர்களின் பழைய வரைபடங்களையும் அரசு ஸ்கேன் செய்து அதே மாதிரி வைக்க வேண்டும். ஓர் அலுவலகத்தில் எனக்காகப் பழைய வரைபடக் கட்டைப் பிரித்தபோது காகிதம் அப்பளமாக நொறுங்கியது. ரொம்ப நாள் தாங்காது.

1960க்குப் பிறகு கட்டிய அணைகளால் ஊரை இழந்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த 'கொரோனா' படங்களின் ரகசியம் 1995ல் நீக்கப்பட்டது. (அந்தக் கொரோனா இல்லை, பயப்பட வேண்டாம்.) அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில், ஸ்கேன் ஆனவற்றை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்த முறை தண்ணீர் இறங்கினால், அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைக் கைபேசியில் போட்டுக்கொண்டு நடந்தே போகப்போகிறேன். சேற்றில் மாட்டிக்கொள்வேன் என்று வீட்டில் இப்போதே சண்டை.

- ஓய்வுபெற்ற நில அளவர், மேச்சேரி