சாலிஸ்பரி பிரபு நமக்கு யார்?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஸ்காட்லாந்துப் பாடகர் அல் ஸ்டூவர்ட்டைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் அந்தப் பெயரைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. 1976இல் வந்த ‘இயர் ஆஃப் த கேட்’ பாட்டோடு அவரை முடித்துவிடாமல், 2008இல் வெளியான ‘ஸ்பார்க்ஸ் ஆஃப் ஏன்ஷியன்ட் லைட்’ தொகுப்பை எடுத்துக்கொண்டதற்குத் தனி நன்றி. அறுபது வயதைக் கடந்தவர், வானொலியில் ஓடுமா ஓடாதா என்று கவலைப்படாமல் எழுதிய பாட்டுகள் அவை.

முதலில் ஒரு திருத்தம். கட்டுரை சொல்வதுபோல ‘ரோட்ஸ் டு மாஸ்கோ’ பாட்டு இந்தத் தொகுப்பில் இல்லை. அது 1973ஆம் ஆண்டுப் பாட்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படையை எதிர்த்துப் போரிட்ட ரஷ்யச் சிப்பாய், ஒரே ஒரு நாள் எதிரியிடம் பிடிபட்டிருந்த குற்றத்துக்காகச் சொந்த அரசாலேயே சைபீரியாவுக்கு அனுப்பப்படும் கதை. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த தொகுப்பின் போக்கு வேறு. அரிசோனா பாலைவனத்தில் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது மேகத்தில் ஸ்டாலின் முகத்தைக் கண்ட பாடகர் எல்விஸ் பிரெஸ்லி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரம் கப்பல் செலுத்திய, பழங்காலக் கார்த்தேஜ் நகரத்து மாலுமி ஹன்னோ என்று, பாடப் புத்தகம் ஓரங்கட்டிய விஷயங்களைத் தேடிப் பிடித்திருக்கிறார். அமெரிக்க அதிபர் மெக்கின்லியின் பெயரிலும் ஒரு பாட்டு உண்டு. 1896 தேர்தலில் எதிராளி பிரையன் ரயிலேறி நாடெல்லாம் சுற்ற, மெக்கின்லி ஓஹாயோவில் தன் வீட்டு முகப்பை விட்டு நகரவில்லை. கூட்டம்தான் அவரைத் தேடி வந்தது. நம் ஊரில் திண்ணைப் பிரசாரம் என்றால் கட்சிக்காரர் நம் திண்ணைக்கு வருவார். அங்கே அது தலைகீழ்.

என் குறை ‘லார்ட் சாலிஸ்பரி’ என்ற பாட்டைப் பற்றி எழுதிய இடத்தில். “இங்கிலாந்தின் முன்னாள் பிரதமர்” என்ற மூன்றே சொற்களில் கட்டுரையாளர் அவரைக் கடந்துவிட்டார். லண்டன் பத்திரிகைக்கு அது போதும். அந்தப் பெயரைக் கேட்டால் அங்கிருப்பவர்களுக்கு, ஐரோப்பியக் கூட்டணிகளில் சிக்காமல் ஒதுங்கி நின்ற வெளியுறவுக் கொள்கை நினைவுக்கு வரலாம். நமக்கு நினைவுக்கு வர வேண்டியது தாது வருடம்.

பிரதமராவதற்கு முன், 1874 முதல் 1878 வரை லண்டனில் இந்திய விவகாரங்களுக்கான அமைச்சராக இருந்தவர் அவர். 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் அவர் காலத்தில்தான் மதராஸ் ராஜதானியைச் சூறையாடியது. நிவாரணச் செலவைக் குறைக்க வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் கல்லும் மண்ணும் சுமக்கிற ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கணக்குப் போட்டார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. நான் தினமும் கடக்கும் பக்கிங்காம் கால்வாயில், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி அந்தப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது.

அதற்கு ஓராண்டு முன்னால், 1875இல், இதே சாலிஸ்பரி ஓர் அரசாங்கக் குறிப்பு எழுதினார். இந்தியாவிடமிருந்து இரத்தம் எடுத்தாக வேண்டும் என்பதால், அது தேங்கியிருக்கும் இடத்தில் கத்தியை வையுங்கள், ஏற்கெனவே வற்றிப்போன இடத்தில் வேண்டாம் என்பது அதன் சாரம். நியாயமாகச் சொன்னால், விவசாயியின் சுமையைக் குறைக்கச் சொன்ன குறிப்புதான் அது. ஆனால் இரத்தம் எடுக்கலாமா என்ற கேள்வியே அதில் எழவில்லை. விடுதலைப் போராட்ட முன்னோடி தாதாபாய் நௌரோஜி அந்த வாக்கியத்தை விடவே இல்லை. எழுத்திலும் பேச்சிலும் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டினார். 1888இல், பிரதமராக இருந்தபோது, நௌரோஜியைக் ‘கறுப்பு மனிதர்’ என்று மேடையில் குறிப்பிட்டவரும் சாலிஸ்பரிதான். நான்கு ஆண்டுகள் கழித்து அந்தக் கறுப்பு மனிதர் ஐந்தே வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து லண்டன் நாடாளுமன்றத்துக்குள் போனார். அல் ஸ்டூவர்ட்டுக்கு ஏற்ற பாட்டு அதற்குள் ஒன்று இருக்கிறது!

பாடகர் பஞ்சத்தைப் பாடியிருக்க வேண்டும் என்று நான் வழக்குப் போடவில்லை. அவர் வளர்ந்த மண்ணின் ஞாபகத்திலிருந்து அவர் பாடுகிறார். நம் வாசகருக்காக எழுதும் கட்டுரையாளர் இந்த மண்ணின் ஞாபகத்தையும் பக்கத்தில் வைத்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

பஞ்சத்தைப் பாடியவர் நம்மிடமே இருக்கிறார். சிவகங்கைப் புலவர் வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ நூலில், பட்டினி தாளாமல் மதுரை சொக்கநாதரிடம் போய் முறையிடுகிறார்கள் ஜனங்கள். கடவுளோ, சிவகங்கை ஜமீன்தாருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பிவிடுகிறார். இவ்வளவு கூர்மையான கேலியை அத்தனை துயரத்துக்கு நடுவில் ஒருவரால் எப்படி எழுத முடிந்தது என்று இன்னும் வியக்கிறேன். அதே கட்டுரையாளரை அந்த நூலைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். பக்கம் போதாவிட்டால் சினிமாச் செய்திகளில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம். நான் புகார்க் கடிதம் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
திருவான்மியூர் வாசகர்