வெளியில் பார்த்தால் நான் முதலில் சிரிப்பதில்லை

தருமபுரி,
ஞாயிறு இரவு

அன்புத் தோழிக்கு,

நீ கொடுத்தனுப்பிய மாம்பழம் வந்து சேர்ந்தது. செந்தூரா இரண்டே நாளில் காலி. பெங்களூராவை அம்மா வைக்கோலில் போட்டு வைத்திருக்கிறார். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விட மட்டும் அவரை விரட்ட வேண்டியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் நாத்தனார் மகனுக்குக் கவுன்சிலிங் கொடுக்கச் சொல்லி, "நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நீயே பார்க்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாய். இரண்டு நாளாக அது காதிலேயே நிற்கிறது. போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

வேலைக்கு வந்த புதிதில் நடந்த ஒன்று. யார், எந்த ஊர் என்று நீ கேட்க மாட்டாய். அடையாளம் தெரியாமல் இருக்க, சிலவற்றை மாற்றியும் எழுதுகிறேன். ஒரு பெண் ஆறேழு வாரமாக கவுன்சிலிங் வந்துகொண்டிருந்தாள். தூக்கமே இல்லாமல் வந்தவள், கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்திருந்தாள். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில், ஒரு துணிக்கடையில் அவளைப் பார்த்தேன். எனக்கு ஒரே சந்தோஷம். "என்னம்மா, இப்ப நல்லாத் தூங்குறியா?" என்று கேட்டுவிட்டேன்.

கையில் இருந்த புடவையின் முந்தானையை அவள் மடிக்க ஆரம்பித்தாள். மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "யாரு இது?" என்றார். மாமியார். "டெய்லர் கடையில பழக்கம்" என்றாள். அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை.

இத்தனை வருஷமாகியும் அந்த முந்தானை என் கண்ணை விட்டுப் போகவில்லை. நம் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர் விடியற்காலையில் பஸ் பிடித்து பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனை வரை போய்க் காட்டுகிறார்கள். நல்ல வைத்தியம் என்பது ஒரு காரணம். தெரிந்தவர் கண்ணில் பட மாட்டோம் என்பதும் ஒரு காரணம், அவர்களே சொல்லியிருக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சை பற்றிய ரகசியம் காக்கப்படுவதை அவர்களுடைய உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. என்னிடம் வருகிறார் என்பதே ரகசியம்தான். அதை நான் ஒரு குசல விசாரிப்பில் போட்டு உடைத்தேன்.

அன்றிலிருந்து முதல் செஷனிலேயே சொல்லிவிடுகிறேன்: வெளியில் எங்கே பார்த்தாலும் நானாகச் சிரிக்க மாட்டேன், பேச மாட்டேன். நீங்கள் பேசினால் பேசுவேன். என்னை யாரென்று சொல்கிறீர்களோ, நான் அதுதான். நாலு ரோட்டிலும் பஸ் ஸ்டாண்டிலும் வாரத்துக்கு இரண்டு பேராவது எதிரே வந்துவிடுகிறார்கள். சிலர் கண்ணாலேயே ஒரு வணக்கம் வைத்துவிட்டுத் தாண்டிப் போவார்கள். அது எனக்குப் போதும்.

ராத்திரி வாட்ஸ்அப்தான் கஷ்டம். "அக்கா, தூங்கிட்டீங்களா?" என்று பதினோரு மணிக்கு வரும். பதில் போடக் கை துடிக்கும். போட்டால் நாளைக்கும் காத்திருப்பார்கள். நான் தூங்கிவிட்ட ஒரு ராத்திரியில், கைவிட்டுவிட்டேன் என்று ஆகிவிடும். அதனால் அவசரமென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடச் சொல்லி, ஆரம்பத்திலேயே கையில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். 2022 அக்டோபரில் தொடங்கியது, நாள் முழுக்க ஆள் இருக்கிறார்கள், தமிழிலும் பேசலாம்.

எல்லாவற்றுக்கும் நான் முறைத்துக்கொண்டு இருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, பேரனுக்குக் குணமானதும் மஞ்சப்பையில் உமியைக் கொட்டி, அதற்குள் எட்டு நாட்டுக்கோழி முட்டை புதைத்துக் கொண்டு வந்தார். பஸ்ஸில் மடியிலேயே வைத்து வந்தாராம், ஒன்றுகூட விரிசல் இல்லை. அதை வேண்டாம் என்று சொன்னால் அந்தக் கைக்கு என்ன மரியாதை? வாங்கிக்கொண்டேன். இன்னொருவர், நல்லம்பள்ளி பக்கம் ஒரு மனையைப் பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன் என்றார். அவருக்கு அப்போதே மறுத்துவிட்டேன். 1993-இல் குத்தைல், கபார்ட் என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைப் பிரித்து எழுதினார்கள். வைத்தியருக்கும் வந்தவருக்கும் நடுவே உள்ள எல்லைக் கோட்டைத் தாண்டுவது வேறு, மீறுவது வேறு. தாண்டுவதில் சில சமயம் நல்லதுகூட நடக்கும். மீறுவது, வந்தவரைக் காயப்படுத்தும்.

இப்போது உன் நாத்தனார் மகன். அவன் என்னை அத்தை என்று கூப்பிடுகிறான். உன் வீட்டில் நான் எத்தனை தடவை கை நனைத்திருக்கிறேன். அவன் மனசில் இருப்பதில் பாதி உங்கள் வீட்டைப் பற்றியதாக இருக்கும். அவன் அம்மாவைப் பற்றி, உன் வீட்டுக்காரரைப் பற்றி, உன்னைப் பற்றியும் இருக்கலாமடி. அதை அத்தையிடம் சொல்வானா? சொன்னாலும், கேட்டு வைத்துக்கொண்டு நான் உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? வைத்தியர், காட்டியதை மட்டும் திருப்பிக் காட்டும் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று 1912-இல் எழுதியவர், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட். அவரே 1918-இல் தன் மகள் அன்னாவைத் தானே உட்கார வைத்துப் பகுப்பாய்வு செய்தார். அவ்வளவு பெரியவர் செய்ததை இன்றைக்கு என் தொழிலில் யாரும் சரியென்று சொல்வதில்லை. உன் பிள்ளை மேல் அக்கறை இருப்பதால்தான் நான் விலகி நிற்கிறேன். நீ நம்ப வேண்டும்.

சேலத்தில் நான் மதிக்கும் ஒருவரிடம், பெயர் சொல்லாமல் வரும் சனிக்கிழமை 11 மணிக்கு நேரம் கேட்டு வைத்திருக்கிறேன். நம்பர் தனியாக அனுப்புகிறேன். அவனே கூப்பிட்டு உறுதி செய்யட்டும், பத்தொன்பது வயதுப் பிள்ளைதானே. போனானா, என்ன சொன்னான் என்று நான் கேட்க மாட்டேன், நீயும் எனக்குச் சொல்லாதே.

ஆவணியில் காதுகுத்துக்குக் கிருஷ்ணகிரி வருகிறேன். அவனும் வந்தால் போன தடவை மாதிரி கிரிக்கெட் பேசிக்கொண்டிருப்போம். மாம்பழப் பெட்டியையும் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் ரூம்மேட்