மிச்சிகன் டெக்கில் எம்.எஸ்.: செல்வத்துக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வம்,

மலருக்கு அமெரிக்காவில் ஹோட்டன் என்ற ஊரில் இருக்கும் மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சீட் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். காடும் ஏரியுமாக இருக்கும் ஊரில் என்ன படிப்பு என்று தங்கச்சி கவலைப்படுவதாக எழுதியிருந்தாய். தாமிரச் சுரங்கங்களுக்கு ஆள் தயார் செய்ய 1885-இல் தொடங்கிய கல்லூரி அது. சுரங்கங்கள் மூடிவிட்டன, கல்லூரி வளர்ந்துவிட்டது.

எம்.எஸ். முடிக்க மொத்தம் 30 கிரெடிட் (பாடங்களுக்கான மதிப்பு அலகு) வேண்டும். தீசிஸ் (முழு ஆராய்ச்சிக் கட்டுரை), ரிப்போர்ட் (அதைவிடச் சிறிய ஆய்வறிக்கை), கோர்ஸ்வொர்க் (பாடங்கள் மட்டும்) என்று மூன்று வழி உண்டு. கோர்ஸ்வொர்க் சீக்கிரம் முடியும். ஆனாலும் மலர் தீசிஸ் எடுப்பதே நல்லது என்பேன். ஹோட்டனிலிருந்து சிகாகோ 650 கிலோமீட்டருக்கு மேல். பக்கத்தில் பெரிய கம்பெனிகள் கிடையாது. அங்கே கிடைப்பது லேபும் பேராசிரியரின் நேரமும்தான். பனியில் வண்டி ஓட்டிச் சோதிக்கும் கீவீனா ஆராய்ச்சி மையம், தண்ணீர்க் கரையிலேயே இருக்கும் ஏரி ஆராய்ச்சி மையம் போன்றவை வேறு ஊரில் எளிதில் அமையாது.

கைடை, அதாவது தீசிஸுக்கு வழிகாட்டும் பேராசிரியரை, இப்போதே தேடச் சொல். அவருடைய சமீபத்திய இரண்டு பேப்பரைப் படித்து, அதிலிருந்து ஒரே ஒரு கேள்வியோடு நாலு வரி மெயில் போதும். எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்பும் மெயிலை யாரும் படிப்பதில்லை. எம்.எஸ். மாணவர்களுக்கு உதவித்தொகை உறுதியில்லை. பேராசிரியரின் ப்ராஜெக்டில் பணம் இருந்தால்தான் கிடைக்கும். முதல் வருடச் செலவைக் கையில் வைத்துக்கொள்.

பனிக்குக் காரணம் சுப்பீரியர் ஏரி. குளிர்காற்று அதன்மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் கொட்டுகிறது. சாதாரண வருடத்திலேயே 5 மீட்டர் விழும்; 1978-79-இல் பக்கத்து மாவட்டமான கீவீனா கவுண்டியில் 390.4 அங்குலம், கிட்டத்தட்ட 10 மீட்டர், பதிவானது. ரோட்டில் விழும் பனியைத் தள்ளிச் சுத்தம் செய்துவிடுவார்கள், அதனால் பனி பெரிய தொல்லையில்லை. இருட்டுதான் மனசைச் சோர வைக்கும். கிழக்கு நேர மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் இருப்பதால், டிசம்பர் கடைசியில் விடியவே காலை 8.40 ஆகிவிடும், மாலை 5 மணிக்கு மேல் இருட்டிவிடும். ஜன்னல் இல்லாத லேபில் உட்கார்ந்தால் வெயிலே கண்ணில் படாது. மதியம் அரை மணி வெளியே நடப்பதை வழக்கமாக்கிக்கொள்ளட்டும்.

பூட்ஸைச் சென்னையில் வாங்காதே. அங்கே போய், கம்பளி சாக்ஸ் போட்டுப் பார்த்து, விரல் அசையும் அளவில் வாங்கட்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் மரத்துப்போகும். பருத்தி சாக்ஸ் வியர்வையில் நனைந்து இன்னும் குளிரும். வீடு பார்க்கும்போது வாடகையில் ஹீட்டிங் சேர்ந்ததா என்று முதலில் கேட்கணும். பழைய மரவீடுகளில் குளிர்கால கேஸ் பில் வாடகையோடு போட்டி போடும்.

ஆகஸ்டில் பயணம் வருகிற மாதிரி டிக்கெட் போடு. சிகாகோவில் விமானம் மாற நாலு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். இமிக்ரேஷன் வரிசை நீண்டு ஹோட்டன் விமானம் போய்விட்டால், அன்றைக்கு அடுத்தது கிடைப்பது கஷ்டம்.

அன்புடன்,
ரவி