ராத்திரி வாசிக்க ஒரு பேஸ் ஆம்ப்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் சுகம். மகள் செமஸ்டர் லீவில் வந்திருக்கிறாள், வீடு கலகலவென்று இருக்கிறது.

கடைசிப் பத்தியை மட்டும் மூன்று தரம் படித்தேன். 27 வருஷம் கழித்து மறுபடியும் பேஸ் கிட்டார் வாங்கிவிட்டாய்! திருவிழா மேடையில் என் கிக் ட்ரம்மும் உன் பேஸும் ஒன்றாக விழுந்த ராத்திரிகள் எல்லாம் ஞாபகம் வந்தன. ராஜா சாரின் பாட்டில் சசிதரன் வாசித்த பேஸை ஒரு இழை விடாமல் எடுக்க வேண்டும் என்று நீ விடிய விடிய கேசட்டை ரீவைண்ட் பண்ணுவாயே, அந்த வெறி இன்னும் உனக்குள் இருப்பது அவ்வளவு சந்தோஷம்.

சரி, வீட்டில் வாசிக்க எந்த ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர், வாங்கலாம் என்று நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "வீட்டில் வாசிக்கத்தானே, பத்து வாட்ஸ் கிட்டார் ஆம்ப் போதும்" என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம் மாப்ளே. ஃபிளாட்டில் ட்ரம்ஸ் வைக்க வழியில்லாமல் இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் பேஸ் பழக ஆரம்பித்தேன் இல்லையா, அப்போது பக்கத்து வீட்டுப் பையனின் சின்னக் கிட்டார் ஆம்பில்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். மெல்லிய ஜி ஸ்ட்ரிங் ஓரளவு கேட்டது. தடித்த, கீழ்ஸ்வர ஈ ஸ்ட்ரிங்கைத் தட்டினால் 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், சுருதியே இல்லை. வால்யூமை ஏற்றினேன். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் துடித்துக் கரகரவென்றது. உடனே நிறுத்திவிட்டேன். ஈ ஸ்ட்ரிங்கைச் சும்மா மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வுதான். அவ்வளவு கீழே இருக்கும் ஸ்வரத்துக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும், கிட்டார் ஸ்பீக்கர் அந்த வேலைக்குச் செய்ததில்லை. அமெரிக்காவில் கிட்டார் செய்த லியோ ஃபெண்டர் 1951-ல் ப்ரிசிஷன் பேஸ் என்ற பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷமே அதற்கென்று 15 அங்குல ஸ்பீக்கரோடு பேஸ்மேன் ஆம்பைத் தனியாகக் கொண்டுவர வேண்டியிருந்தது.

அதற்காக நீ 15 அங்குலத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டாம். வீட்டுக்கு 8 அல்லது 10 அங்குலம் தாராளம். 8 அங்குல ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸைப் பெரிதாகக் கொடுக்காதுதான். ஆனால் அதே ஸ்ட்ரிங்கிலிருந்து 82, 123 என்று மேலே எழும் ஹார்மோனிக்ஸை நன்றாகக் கொடுக்கும், அவற்றைக் கேட்டே காது அடிச்சுரத்தைத் தானாக நிரப்பிக்கொள்ளும். வாட்ஸைப் பற்றியும் ரொம்ப யோசிக்காதே. 25-ஐ 50 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குச் சத்தம் கொஞ்சம் கூடின மாதிரிதான் இருக்கும். ஃபெண்டர் ரம்பிள் 25, ஆரஞ்சு க்ரஷ் பேஸ் 25 இரண்டும் 25 வாட்ஸ், 8 அங்குலம். ஆரஞ்சில் ட்யூனரும் உள்ளேயே இருக்கிறது. ஆம்பெக் ராக்கெட் பேஸ் வரிசையில் 30 வாட்ஸில் ஒரு 8 அங்குலம் உண்டு. நான் வாங்கியது ரம்பிள் 40, 10 அங்குலம். எட்டு கிலோ சொச்சம்தான், ஒற்றைக் கையில் தூக்கிவிடலாம். என்னைக் கேட்டால் நீயும் 10 அங்குலத்துக்கே போ. மேலே எழுதிய எதை வாங்கினாலும் தப்பில்லை, ஆனால் விரலை எடுத்ததும் ஸ்வரம் நின்றதா, இழுத்ததா என்பது 10 அங்குலத்தில் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. 27 வருஷம் விட்ட கைக்கு அதுதான் முதலில் வேண்டும்.

ஆம்பைவிட அறைதான் என்னை அதிகம் படுத்தியது. என்னுடையது பத்துக்குப் பத்து அறை. வாங்கின புதிதில் ஆம்பை மூலையில் வைத்தேன். ஈ-யிலிருந்து ஒவ்வொரு ஃபிரெட்டாக (கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) ஏறி வந்தால் மற்றதெல்லாம் சமமாக வரும், ஏ-வும் அதற்கு அடுத்த ஃபிரெட்டும் வந்ததும் 'பூம்' என்று அறையே ஊதிக்கொள்ளும், ஜன்னல் கம்பி நடுங்கும். விரலில் கோளாறோ என்று ஒரு வாரம் குழம்பினேன். அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தால், எதிரெதிர்ச் சுவர்கள் பத்தடி தூரத்தில் இருந்தால் சுமார் 57 ஹெர்ட்ஸில் சத்தம் அவற்றுக்கு நடுவே நின்று பெருகும். ஏ ஸ்ட்ரிங் 55, அடுத்த ஃபிரெட் 58! ஆம்பை மூலையிலிருந்து எடுத்து, முக்காலி மேல் தடிமனான ஸ்பாஞ்ச் போட்டு வைத்து, கொஞ்சம் என் முகத்தைப் பார்க்கச் சாய்த்தேன். பாதி சரியாகிவிட்டது. தரையில் வைக்காததால் கீழ் வீட்டு மாமியின் புகாரும் நின்றது.

இன்னொன்று, ராத்திரி வால்யூமைக் குறைத்தால் பேஸ் மெலிந்துபோன மாதிரி இருக்கும். ஆம்ப் அப்படியேதான் இருக்கும், நம் காதுதான் சத்தம் குறையக் குறையக் கீழ்ஸ்வரத்தைத் தவறவிடும். ஃப்ளெட்சர், மன்சன் என்று இரண்டு பேர் 1933-லேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். அந்த நேரத்தில் பேஸ் குமிழை முழுக்கத் திருகாதே, சுவர்தான் அதிரும். நடு ஸ்வரங்களுக்கான மிட் குமிழைக் கொஞ்சம் ஏற்று, ஸ்வரம் முன்னால் வரும்.

பத்து மணிக்கு மேல் ஹெட்போன்தான். ஹெட்போன் ஓட்டையும் போனைச் செருக ஆக்ஸ் ஓட்டையும் இல்லாத ஆம்பைத் தொடவே தொடாதே. ஒயர் ஹெட்போனாகப் பார்த்து வாங்கு. ப்ளூடூத்தில் தட்டியதற்கும் கேட்பதற்கும் நடுவே ஒரு இடைவெளி விழும், உன் தாளமே கெட்டுவிடும்.

மச்சினன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவருவதாகச் சொன்னால், பின்பக்கம் என்ன வோல்ட் போட்டிருக்கிறது என்று முதலில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். அங்கே 120, இங்கே 230. அப்படியே செருகினால் போச்சு. உன் வீடு பழைய வீடு, பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார். கிட்டார் ஸ்ட்ரிங் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தது. மேடையில் மைக்கில் உதடு பட்டு நீ துள்ளி விழுந்ததை நான் மறக்கவில்லை.

கடைக்குப் போகும்போது உன் கிட்டாரையே எடுத்துப் போ. குறைந்த வால்யூமில், ஈ ஸ்ட்ரிங்கில் மெதுவாக வாசித்துப் பார்த்து முடிவு பண்ணு.

பொங்கலுக்கு இரண்டு நாள் அங்கே வருகிறேன். ட்ரம்ஸைக் கொண்டுவர முடியாது. ப்ராக்டிஸ் பேடும் ஒரு ஜோடி குச்சியும் பையில் இருக்கும். மொட்டை மாடிக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் மட்டும் இழுத்து வை.

அன்புடன்,
உன் மாப்ளே