கோட்டையிலிருந்து பட்டணம் கோயில் வரை: ஒரு நடைவழிக்கான வேண்டுகோள்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம்.

சென்னைக் கோட்டைக்கும் பூக்கடைக்கும் இடையில் உள்ள சாலைகள், நடைபாதைகள், பழங்கட்டடங்கள் ஆகியவற்றை ஆளுக்கொரு பகுதியாகப் பொறுப்பேற்றிருக்கும் அலுவலர்கள் அனைவருக்கும் இம்மடலை எழுதுகிறேன். கோட்டைக்கு ஒரு துறை, நீதிமன்ற வளாகத்துக்கு இன்னொரு நிர்வாகம், சாலைக்கு வேறொன்று, போக்குவரத்துக்கு மற்றொன்று என்று பொறுப்பு பிரிந்திருப்பதால், நான் கேட்கப்போவதைத் தனியாக யாரிடம் கேட்டாலும் பாதி விடைதான் கிடைக்கும். நான் கேட்பது கோட்டையிலிருந்து பூக்கடை அருகே உள்ள பட்டணம் கோயில் வரை ஒரே ஒரு நடைவழி. அதன் நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர்.

என் தந்தை ஆண்டர்சன் தெருவில் ஒரு காகிதக் கடையில் கணக்கு எழுதினார். காலையில் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி, உயர் நீதிமன்றச் சுவரை ஒட்டியே பாரிமுனைக்கு நடந்து செல்வது அவர் வழக்கம். பள்ளி விடுமுறை நாட்களில் என்னையும் அழைத்துச் செல்வார். அந்த வழியில் நான் பார்த்தவையெல்லாம் பெரிய கட்டடங்கள். அவற்றின் அடியில் ஓர் ஊர் இருந்தது என்பதை நாற்பது வயதுக்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். தந்தைக்கு அது கடைசிவரை தெரியாது. அத்தனை ஆண்டுகள் அதே மண்ணில் நடந்த ஒருவருக்கு அதைச் சொல்ல வழியோரம் ஒரு கல்கூட இல்லாமல் போனதுதான் இம்மடலுக்குக் காரணம்.

கோட்டைக்குள் 1680ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புனித மரியாள் தேவாலயத்தைச் சுற்றித் தரையில் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவை அந்த இடத்துக்கு உரியவை அல்ல. சட்டக் கல்லூரி இயங்கிவந்த கட்டடம் நிற்கும் நிலத்தில் ஆங்கிலேயரின் பழைய இடுகாடு இருந்தது. லாலியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை கோட்டையை முற்றுகையிட்டபோது, அந்த இடுகாட்டின் கட்டுமானங்கள் எதிரிக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. அதனால் பின்னர் அவை அகற்றப்பட்டு, எழுத்துள்ள கற்கள் மட்டும் கோட்டைக்குள் கொண்டுவரப்பட்டன. கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் மகன் டேவிட், கம்பெனி அலுவலர் ஜோசப் ஹைன்மர் ஆகியோரின் நினைவாக எழுப்பிய கூர்ங்கோபுரம் பழைய இடத்திலேயே விடப்பட்டது. இறந்தவர்களின் பெயரைக் காப்பாற்ற எடுத்துக்கொண்ட அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். அதே நிலத்தில் உயிரோடு வாழ்ந்தவர்களின் ஊருக்கு அப்படி எதுவும் செய்யப்படவில்லை என்பதையே உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இம்மண்ணில் இடம் கிடைத்த சில ஆண்டுகளுக்குள் கோட்டையின் வடக்கே நெசவாளர்களும் சாயமிடுவோரும் துபாஷிகள் எனப்பட்ட மொழிபெயர்ப்புத் தரகர்களும் வணிகர்களும் குடியேறிய ஊர் வளர்ந்தது. ஆங்கிலேயர் அதைக் கறுப்பர் பட்டணம் என்றார்கள். நம் மக்களுக்கு அது சென்னப்பட்டணம். கம்பெனிக்கு இடம் கொடுத்த நாயக்கரின் தந்தையான தாமர்ல சென்னப்ப நாயக்கரின் பெயரால் வந்த அந்தப் பெயரைத்தான் இன்று நகரம் முழுவதும் தாங்கி நிற்கிறது. ஊரின் நடுவே சென்னக்கேசவப் பெருமாள் கோயில் இருந்தது. 1746இல் கோட்டையைப் பிடித்து மூன்றாண்டுகள் வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்கள், மதிலை நெருங்கியிருந்த வீடுகளை இடித்தார்கள். கோட்டையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு பாய்வதற்குத் தடையில்லாத வெட்டவெளி வேண்டும் என்று 1750களில் எஞ்சியதையும் கோயிலையும் சேர்த்து இடித்தார்கள். எஸ்பிளனேடு என்று இன்றும் சொல்கிறோமே, அது அந்த வெட்டவெளியின் பெயர். 1892 ஜூலை 12 அன்று திறக்கப்பட்ட உயர் நீதிமன்றம் அதன்மேல்தான் எழுந்தது.

நீதிமன்றத்தைப் பற்றிச் சொல்ல நிறையவே உண்டு. 1844இல் கட்டிய தூண் வடிவக் கலங்கரை விளக்கம் அதன் வளாகத்தில் நிற்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் இந்நகரின்மீது குண்டு வீசியதை நினைவூட்டும் கல் அதன் சுவரில் இருக்கிறது. இவற்றைச் சொல்ல நூல்களும் வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வளாகத்தின் எல்லா வாயில்களையும் ஒரு நாள் முழுதும் மூடிவைக்கும் மரபு ஒன்றும் உண்டு. பொதுவழி என்று யாரும் உரிமை கோரிவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்பார்கள். வளாகத்துக்குள் வழி கேட்டு நான் எழுதவில்லை. பாதுகாப்பின் தேவை எனக்குப் புரிகிறது. சுவருக்கு வெளியே உள்ள நடைபாதை போதும்.

அந்த நடைபாதைதான் தொடர்ச்சியாக இல்லை. சில இடங்களில் அகலமாகத் தொடங்கி, மின்பெட்டியிலோ நிறுத்திவைத்த வண்டிகளிலோ முட்டி நின்றுவிடுகிறது. பாரிமுனையில் வயதானவர் ஒருவர் சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதை அங்கே பத்து நிமிடம் நின்றாலே காணலாம். ஒன்று மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: நடைபாதைக் கடைக்காரர்களை அப்புறப்படுத்துங்கள் என்று என் வேண்டுகோளை யாரும் படித்துவிட வேண்டாம். ஒரு முழு ஊரையே அகற்றிய இடத்தின் கதையைச் சொல்வதற்காக, இன்று அங்கே பிழைப்பவர்களை அகற்றுவது பெரும் தவறாகிவிடும். கடைகளுக்கு இடம் ஒதுக்கி, நடப்பவருக்கு ஓர் ஆள் அகலத்துக்கு மேல் சற்றே வழி விட்டாலும் போதுமானது.

பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி ஓர் எல்லைக்கல் இருக்கிறது. இதற்குத் தெற்கே இனி வீடு கட்டக்கூடாது என்று அறிவிக்க 1773இல் நட்ட கற்களில் எஞ்சியது அது. இந்த நடையில் உள்ள அனைத்திலும் முக்கியமானது அதுவே என்பது என் எண்ணம், ஏனென்றால் அழிந்த ஊருக்கும் இன்று ஜார்ஜ் டவுன் என்று வழங்கும் ஊருக்கும் நடுவே கோடு போட்ட சாட்சி அது ஒன்றுதான். தெரிந்தவர் சுட்டிக்காட்டினால் தவிர, அவ்வழியே போகிறவர்கள் கண்ணில் அது படுவதில்லை.

அங்கிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையில் மேற்கே திரும்பினால், வலப்புறம் ஆர்மீனியன் தெருவில் 1772இல் எழுந்த ஆர்மீனியத் தேவாலயத்தையும் கச்சாலீஸ்வரர் கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம். பூக்கடைக் காவல் நிலையத்துக்கு அருகே, தேவராஜ முதலி தெருவில், சென்னக்கேசவப் பெருமாளும் சென்ன மல்லீஸ்வரரும் அடுத்தடுத்துக் கோயில் கொண்டிருக்கிறார்கள். இடிக்கப்பட்ட கோயிலுக்கு ஈடாகக் கம்பெனி கொடுத்த நிலத்தில், மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று 1760களில் எழுப்பிய பட்டணம் கோயில் இதுதான். ஊர் போனாலும் ஊரின் பெயரைக் கோயில் விடவில்லை. பூ வாங்க வருகிறவர்களில் எத்தனை பேருக்கு, இந்தப் பெருமாள் நீதிமன்றம் இருக்கும் இடத்திலிருந்து வந்தவர் என்று தெரியும்?

ஆகவே என் வேண்டுகோள் இது. கோட்டையின் வாயிலிலிருந்து பட்டணம் கோயில் வரை நடைபாதை அறுபடாமல் தொடர வேண்டும்; பாரிமுனையிலும் பூக்கடையிலும் முதியவரின் நடைக்கேற்ற கால அளவோடு கடக்கும் வசதி வேண்டும். நீதிமன்றச் சுவரின் வெளிப்புறத்திலும், எல்லைக்கல்லின் அருகிலும், பட்டணம் கோயில் தெருமுனையிலும் தமிழை முதன்மையாகக் கொண்ட மூன்று கல்வெட்டுகள் வேண்டும். அவற்றில் ஆளுநர்களின் பெயர்ப் பட்டியல் தேவையில்லை. இங்கே ஓர் ஊர் இருந்தது, இன்ன காரணத்துக்காக இடிக்கப்பட்டது, அதன் கோயில் இன்ன இடத்துக்குப் போயிற்று என்ற மூன்று செய்திகளைப் பள்ளிப் பிள்ளை படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் எழுதினால் நிறைவாக இருக்கும். கோட்டைக்குள் இருக்கும் கற்களைப் பற்றிய குறிப்பிலும் அவை எங்கிருந்து வந்தன என்பதைச் சேர்த்தால், நடையின் தொடக்கமும் முடிவும் ஒன்றையொன்று விளக்கும்.

இவற்றில் எதற்கும் பெருந்தொகை தேவைப்படாது; பொறுப்பிலுள்ளோர் ஒருமுறை ஒன்றாகச் சேர்ந்து நடந்து பார்த்தாலே பெரும்பகுதி முடிவாகிவிடும் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று கடைகள் மூடியிருக்கும், சாலை ஏமாற்றிவிடும். வேலைநாள் ஒன்றில் காலை பத்து மணிக்குக் கோட்டை ரயில் நிலைய வாசலுக்கு வாருங்கள். உடன் நடக்க நான் அங்கே காத்திருப்பேன்.

இப்படிக்கு,
பாரிமுனை வழியே நடந்து வளர்ந்த ஒரு குடிமகன்