ஓநாய்ப் படத்தை ஒரே வரியில் தள்ளிவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், ப்ளூரே வட்டில் வந்திருக்கும் பழைய திகில் படங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அதில், மனிதர்கள் ஓநாயாக மாறும் ‘ஹவ்லிங் 2’ படத்தை மட்டும் ‘குரங்கு உடை போட்ட ஓநாய்கள், பார்க்க வேண்டாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

குரங்கு உடை என்பது உண்மைதான். 1981-ல் ஜோ டான்டே எடுத்த முதல் படத்தில் தோல் கொப்பளித்து, மூக்கும் வாயும் நீண்டு, நம் கண்ணெதிரே மனிதன் ஓநாயாவான். ஒப்பனைக் கலைஞர் ராப் பாட்டினின் கைவண்ணம் அது. இரண்டாம் படத்தை இயக்கிய பிலிப் மோராவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த செக்கோஸ்லோவாக்கியாவில், பிராக் நகரில் படப்பிடிப்பு. ஓநாய் உடைகளை எதிர்பார்த்திருந்தவருக்கு வந்து சேர்ந்தவை ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ குரங்கு உடைகள் என்று அவரே சொல்லியிருக்கிறார். கிடைத்ததை வைத்துப் படத்தை முடித்தார். இதைச் சொல்லாமல் உடையை மட்டும் கேலி செய்வது என்ன நியாயம்?

அப்புறம், கிறிஸ்டோபர் லீ. டிராகுலாவாக நடித்துப் பேர் வாங்கிய மனிதர், இதில் ஓநாய்களை வேட்டையாடுகிறவர். பங்க் ராக் இசைக்கு இளைஞர்கள் ஆடும் கூடத்தில், அறுபதைத் தாண்டிய அந்த நெடிய மனிதர் கறுப்புக் கண்ணாடியோடு நிற்பார். சில ஓநாய்களைக் கொல்ல வெள்ளி போதாது, டைட்டானியம் வேண்டும் என்பதைக்கூட நீதிபதி தீர்ப்பு வாசிக்கிற குரலில்தான் சொல்வார். பின்னாளில் டான்டே இயக்கிய ‘கிரெம்லின்ஸ் 2’ படத்தில் நடிக்க வந்தபோது, இந்தப் படத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டாராம். ஆனாலும் திரையில் ஒரு இடத்திலாவது ஏனோதானோ என்று நடித்திருக்கிறாரா? அவருக்காகவே நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. கடைசியில் பெயர்கள் ஓடும்போது சிபில் டானிங் மேலாடையைக் கிழிக்கும் ஒரே காட்சியை மறுபடி மறுபடி போடுவது அந்த நடிகையை அவமதிப்பதாகவே எனக்குப் படுகிறது. கட்டுரையாளர் இதைக் கண்டித்திருந்தால் நானும் கூடவே நின்றிருப்பேன்.

2015-ல் ஸ்க்ரீம் ஃபேக்டரி வெளியிட்ட ப்ளூரேயில் மோராவின் விளக்க உரை இருக்கிறது. டானிங், கதாநாயகன் ரெப் பிரவுன் பேட்டிகளும் இருக்கின்றன. கட்டுரையாளர் அவற்றையும் பார்த்துவிட்டு இன்னொரு முறை எழுதட்டும். பிடிக்கவில்லை என்றால் அரைப் பக்கத்துக்குத் திட்டட்டும், சரி. ஒரு வரியில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.